சாணி வண்டுக்கு ஓர் ஆள்

ஃபோன் மூன்றாவது முறை அடித்தபோதுதான் அது அவளுடைய கைப்பைக்குள் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. பையைத் திறந்தான். சாவிக்கொத்து, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், நான்காக மடித்த ஒரு தாள். ஃபோன் கையில் சிக்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

அவள் கூடத்தில் கிடந்தாள். முந்தாநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், "தலை என்னவோ மாதிரி இருக்கு" என்றாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது. சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வண்டி பதினோரு மணிக்கு. இப்போது ஒன்பதே முக்கால்.

"அந்த ஃபோனை எடுத்துப் பேசுப்பா," என்றாள் மாமியார், மகளின் தலைமாட்டிலிருந்து. "இல்லேன்னா அணைச்சு வை. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அவ எந்திரிச்சு எடுத்துருவான்னு தோணுது."

அவன் அணைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பையிலிருந்து எடுத்த தாள் கையிலேயே தங்கிவிட்டது.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உறுப்பினர் பிரிவு அவளுடையது. செத்த பிராணிக்கு உயிருள்ள ஆள் பிடிக்கிற வேலை என்று அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். யாராவது ஓர் உயிரினத்தின் பராமரிப்புச் செலவை ஏற்றுக்கொண்டால், அதன் கீழுள்ள அட்டையில் 'ஆதரவு' என்று போட்டு அவர் பெயரை எழுதுவார்கள். அவள் வீட்டில் அவர்களைப் பெயர் சொல்லிப் பேசியதே இல்லை. "இன்னிக்கு முதலை வந்திருந்தார். முட்டி வலியாம், பாவம்."

காலையிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

"நான் வௌவால், தம்பி," என்றார் கண்கள் சிவந்திருந்த ஓர் அம்மாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். "நீங்க எது?"

"நான் எதுவுமில்லீங்க. புருஷன்."

ஊழியர்களின் வீட்டாருக்கு அட்டையில் இடமில்லை என்பது விதி. நான்கு வருஷமாக அவனுக்கு அது வசதியாக இருந்தது.

வாசலில் வாடகை பெஞ்சின் நடுவில் பெயிண்ட் கம்பெனி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். ஆள் வாட்டசாட்டம். திமிங்கில எலும்புக்கூட்டையும் அது தொங்குகிற மண்டபத்தையும் அவர் கம்பெனிதான் பார்த்துக்கொண்டது. ஆகவே அவர் திமிங்கிலம். மரியாதையாலோ இடமில்லாததாலோ அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அருங்காட்சியகத்தின் மாலையைக் கொண்டுவந்தவன் லேபிள். அட்டைகள் அச்சடிப்பவன் என்பதால் அவள் வைத்த பெயர். மாலையில் கட்டியிருந்த அட்டையை அவன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே நின்றான்.

"என்னது அது?"

"அவசரத்துல அடிச்சேன் சார். எங்க மெஷின்ல இருக்கிற படிவம் இது ஒண்ணுதான். அங்க வச்சு நான் கவனிக்கல, வழியிலதான் பாத்தேன்."

அவன் வாங்கிப் பார்த்தான். மேலே அவள் பெயர். அதன் கீழே: கிடைத்த இடம் – உறுப்பினர் பிரிவு, முதல் மாடி. கிடைத்த ஆண்டு – அவள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு. கடைசி வரியில் 'ஆதரவு' என்று மட்டும் இருந்தது. எதிரில் ஒன்றுமில்லை.

"கிழிச்சுப் போட்டுடறேன் சார்."

"இருக்கட்டும். அவ பாத்திருந்தா ஒரு வாரம் உன்னை ஓட்டியிருப்பா."

லேபிள் சிரிக்கப் போய் மூக்கை உறிஞ்சினான். அப்போதுதான் அவன் கையிலிருந்த மடித்த தாளைப் பார்த்தான். "ஐயோ, இது இங்கயா இருக்கு? நாலு மணிக்கு மீட்டிங் சார்."

பூச்சி அறையை மூடப் போகிறார்களாம். கூரை ஒழுகுகிறது, பார்க்க வருபவர்களும் குறைவு. நாற்பது இழுப்பறைக்கு நாற்பது ஆள் காட்டினால் அறை இருக்கும். இல்லையென்றால் எல்லாம் பெட்டிக்குள் போகும் என்று நிர்வாகக் குழு சொல்லியிருந்தது. அவள் மூன்று வாரமாக அலைந்தாள். தாளில் முப்பத்தொன்பது கையெழுத்து. கடைசி வரிசையில் அவள் எழுத்தில் 'சாணி வண்டு'. எதிரில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"பட்டாம்பூச்சி முதல் நாளே போயிடுச்சு சார். இது மட்டும்தான் நிக்குது. ஒரு பஸ் டிரைவர் யோசிச்சுச் சொல்றேன்னாராம்."

திமிங்கிலம் தொண்டையைச் செருமியது. "எங்க கம்பெனியே அதை எடுத்துக்கட்டுமே."

"கம்பெனி கூடாது சார். ஆளு வேணும். அதுவும் ஒருத்தருக்கு ஒண்ணுதான். அக்கா குழுவுக்கு வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்காங்க."

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். அவன் எடுத்தான்.

"அம்மா, பஸ் டிரைவர் பேசறேன். நேத்துலேர்ந்து அடிக்கிறேன், நீங்க எடுக்கவே…"

"நான் அவங்க வீட்டுக்காரர். சொல்லுங்க."

"அப்படீங்களா. ஒண்ணுமில்ல தம்பி, அந்த வண்டு விஷயம். வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான். முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், ஒரு பய என்னைப் பாத்துச் சிரிச்சதில்ல. இப்ப என் பேத்தி, எங்க தாத்தா சாணி வண்டுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. கௌரவமா வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க."

சரி என்று சொல்லி வைத்துவிடலாம். அந்த ஒரு சொல் வாய்வரை வந்தது.

"பட்டாம்பூச்சியை யார் வேணாலும் எடுத்துக்குவாங்க," என்றான். அது அவள் சொல்வது. "இருட்டுல நட்சத்திரத்தைப் பாத்து உருண்டையை நேர்கோட்டுல தள்ளிக்கிட்டுப் போற வண்டு இருக்கு. நீங்க முப்பது வருஷம் ஓட்டியிருக்கீங்க. ரோடும் விளக்கும் இல்லாம நேரா போவீங்களா?"

"ரோடு இருந்தாலே கஷ்டம் தம்பி."

"ஒரு தேசத்துல மாடுகளை மட்டும் கொண்டுபோய் விட்டாங்க. அந்தச் சாணிக்கு ஏத்த வண்டு அங்க இல்ல. மேய்ச்சல் நிலமெல்லாம் சாணி மூடி, ஊரெல்லாம் ஈ. கடைசியில வெளிதேசத்துலேர்ந்து வண்டை வரவழைச்சாங்க."

"வண்டையா? மெனக்கெட்டா?"

"மெனக்கெட்டுத்தான்."

அவன் வாய் தானாகப் பேசிக்கொண்டே போனது. இதையெல்லாம் அவள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். "சோறு திங்கும்போது சாணியா?" என்று அவன் தட்டைத் தள்ளி வைத்துக்கொள்வான். காதில் வாங்கியதாகவே நினைவில்லை. எல்லாம் உள்ளே இருந்தது.

"சிலது ஜோடியா உருட்டும். ஆண் தள்ளும். பெண் உருண்டை மேல ஏறி உக்காந்துக்கும்."

டிரைவர் சிரித்தார். "எங்க வீட்டு மாதிரி. வழியில அது விழுந்துட்டா?"

அவன் கூடத்தைப் பார்த்தான்.

"தெரியலீங்க. கேட்டு வச்சுக்கல."

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்."

அப்போது சொன்னான். இரண்டே வாக்கியம்.

"எந்தத் தெரு?" என்றார் டிரைவர்.

பதினொன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒல்லியான ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. உட்கார்ந்திருந்தவர்கள் யாரென்று நிமிர்ந்து பார்த்தார்கள். வௌவால் டீச்சர் வழக்கம்போல், "நீங்க எது?" என்றார்.

அவர் ஒரு கணம் தெருப்பக்கம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சாணி வண்டுங்க," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் தாளை நீட்டினான். லேபிள் தன் முதுகைக் காட்டிக் குனிந்தான். அதன்மேல் வைத்து அவர் பொறுமையாகக் கையெழுத்திட்டார். அவன் அதை மறுபடி நான்காக மடித்து லேபிளிடம் கொடுத்தான்.

தெருமுனையில் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. பெரியவர் உட்கார இடம் தேடினார்.

திமிங்கிலம் நகர்ந்து சாணி வண்டுக்கு இடம் விட்டது.