ஆடாதோடை சாம்பிள்

வேலம்பாளையத்துல பனியன் கம்பெனி வெச்சிருக்கற ஆத்தப்பனுக்குக் காசநோய்னு டாக்டர் சொன்னப்ப, நோயைவிட மானம்தான் பெருசாப் பட்டுது. பஞ்சுத் தூசியில கெடக்கற ஆளுகளுக்கு வர்ற சீக்கு, மொதலாளிக்கு வரலாமா? ஊட்டுல தூசி அலர்ஜின்னு ஒரே போடாப் போட்டுட்டாரு. மாத்திரையை ஆபீஸ்ல ஒளிச்சு வெச்சு முழுங்குனாரு. அது வயித்தைப் புரட்டுச்சு, ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு நிறத்துல போச்சு.

அப்பத்தான் தோட்டத்து வேலியில நின்ன, இருமலுக்குக் காச்சிக் குடிக்கற ஆடாதோடை ஞாபகம் வந்துது. பை நெறையத் தழையைப் பறிச்சுக்கிட்டு, மூலிகைச் சாறைக் காசநோய்க் கிருமி மேல விட்டுச் சோதிக்கற காலேஜுக்கே போயிட்டாரு. அங்க ஆராய்ச்சி பண்ற சித்ரகலா மேடம் கொஞ்ச நாள் கழிச்சுப் போன்ல கூப்பிட்டாங்க.

"கண்ணாடிக் குழாய்ல கிருமி வளர்றது கொறைஞ்சிருக்குங்க. ஆனா..."

"அப்ப சாம்பிள் ஓகேங்களா?"

"குழாய் வரைக்கும் ஓகேங்க. மனுசங்களுக்கு இது..."

மனுசன் போனை வெச்சுட்டாரு. சாம்பிள் ஓகேன்னா அடுத்தது ப்ரொடக்சன், அவ்வளவுதான் கணக்கு. இதே ஆளு ஒரு பனியனைக் கப்பல் ஏத்தறதுக்குள்ள சாயம் போகுதா, சுருங்குதான்னு எத்தனை தடவை துவைச்சுப் பாப்பாரு. பனியனுக்குப் பாத்ததைத் தன் நெஞ்சுக்குப் பாக்கலை, மகராசன். மாத்திரை குப்பைக்குப் போச்சு. அடுப்புல கஷாயம் ஏறுச்சு.

குடிக்கக் குடிக்கத் தெம்பா இருக்கற மாதிரியே இருந்துது. பக்கத்து ஊட்டுல இருக்கற மக வயித்துப் பேத்தி அக்ஷராவைத் தெனமும் மடியில வெச்சுக் கதை சொன்னாரு. நடுவுல இருமல் வந்தா, "அப்புச்சி சிங்கமாட்டம் உறுமறேன் கண்ணு"ம்பாரு. புள்ளை கையைத் தட்டிச் சிரிக்கும்.

அந்தப் புள்ளைக்கு விடாம காய்ச்சல் அடிச்சு, ஒடம்பு எளைச்சுப் போச்சு. பெரியாஸ்பத்திரியில எல்லாச் சோதனையும் பண்ணுனாங்க. வார்டுல அத்தனை பேருக்கு முன்னால டாக்டரம்மா மகளைக் கேட்டாங்க.

"கொழந்தைக்குக் காசநோய்ங்க. ஊட்டுல வேற யாருக்காச்சும் இருக்குதுங்களா?"

"எங்கூட்டுல அந்தச் சீக்கெல்லாம் யாருக்கும் இல்லீங்க," வெடுக்குனு சொன்னா மக.

கட்டில்ல சுருண்டு கெடந்த அக்ஷராவை ஆத்தப்பன் பாத்தாரு.

"எனக்கு இருக்குதுங்க"ன்னாரு. "மாத்திரையை நான்தான் நிறுத்திப்போட்டனுங்க."

மக திரும்பி அவரையே பாத்தா. ஆத்தப்பன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு. பேத்தியை மடியில தூக்கி வெச்ச அன்னைக்கே பொத்தியிருக்கோணும்.