பட்டன் பாட்டிலில் நாலு வேளை

தையல்காரி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது போன வருஷக் கடைசியில்.

அன்றைக்கு அவள் புருஷனுடைய இரண்டாவது மாண்டரின் மீன் செத்துப்போயிருந்தது. விரல் நீளம்தான் இருக்கும். நீலத்தில் ஆரஞ்சும் பச்சையுமாக வளைந்து வளைந்து ஓடும் கோடுகள். இத்தனை வருஷமாக எம்பிராய்டரி போடுகிற அவளுக்கே அப்படி ஒரு வேலைப்பாடு கைக்கு வராது. ஆனால் அது கடலில் பிடித்து வந்த மீன். பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது. ஹாலில் இருந்த உப்புத்தண்ணீர்த் தொட்டியில் அந்தப் பூச்சிகள் மூன்றே மாதத்தில் தீர்ந்துபோயின. அதற்கப்புறம் அந்த மனுஷன் போட்டுப் பார்க்காத தீனி இல்லை, கும்பிடாத சாமி இல்லை. மீன் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எலும்பும் தோலுமாகி ஒரு நாள் காலையில் மணலில் சாய்ந்து கிடந்தது.

அவர் பஸ் டிரைவர். ஐம்பது பேர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் ஓட்டுகிறவர், ஒரு விரல் நீள மீனைக் காப்பாற்ற முடியவில்லையே என்று இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தார். "எனக்குக் கைராசியே இல்லம்மா" என்று அதையே சொல்லிச் சொல்லிப் புலம்பினார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் கத்தினாள்.

"இன்னொரு மீனு இந்த வீட்ல பட்டினி கிடந்து செத்துச்சுன்னா, தொட்டியை நானே தூக்கி வெளிய வெச்சிடுவேன். இனிமே நான் அந்தப் பக்கம்கூடத் திரும்ப மாட்டேன், சொல்லிட்டேன்!"

சொன்ன சொல்லை மாற்றாதவள் என்று தெருவில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஜாக்கெட்டை வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமை தந்துவிடுவாள். அந்தப் பெயருக்காகவாவது தொட்டியைக் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டியதாயிற்று. அதுவும் தையல் மிஷின் தொட்டிக்கு நேர் எதிரே இருக்கும்போது.

இந்த வருஷம் அவர் ஒரு மாண்டரின் ஜோடியோடு வந்து நின்றார்.

"இது பண்ணையில பொறந்ததும்மா. குஞ்சுலேர்ந்தே மீன்முட்டை, உறைய வெச்ச இறால்னு தின்னு பழகினது. பூச்சிக்கு அலைய வேணாம்."

"எனக்கென்ன வந்துச்சு? உங்க பாடு, உங்க மீனு பாடு."

அன்று சாயங்காலமே பண்ணைக்கார அம்மா போனில் பேசினாள். டிரைவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் தையல்காரி ஒட்டுக் கேட்கவில்லை, தானாகக் காதில் விழுந்தது.

"ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை கொடுக்கணுங்க. பம்பை நிறுத்திட்டுக் கொடுங்க. எங்ககிட்ட அப்படித்தான் பழக்கம். கொஞ்சங்கொஞ்சமா, நிதானமா. மத்த மீனு பறிச்சிடாம பார்த்துக்கங்க."

"சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார் டிரைவர். ஆனால் விடிகாலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர் நாலஞ்சு தடவைக்கு எங்கே போவார்? போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் தாராளமாக. கணக்கு சரியாகப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டார்.

மீனுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. தீனி விழுந்த மறு நொடி தொட்டியில் முன்பே இருந்த கோமாளி மீன் இரண்டும் பாய்ந்துவரும். மாண்டரினோ, ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற டீச்சரம்மா பட்டன் தேர்ந்தெடுக்கிற மாதிரி. ஒரு முட்டையை இந்தக் கண்ணால் பார்க்கும், அந்தக் கண்ணால் பார்க்கும், கொஞ்சம் யோசிக்கும். அதற்குள் முட்டை கோமாளியின் வயிற்றில் இருக்கும்.

ஆளைப் பார்த்தே இடுப்பளவு சொல்கிறவளுக்கு இதைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் போதும். பெண் மீனின் வயிறு உள்வாங்கியிருந்தது. தையல்காரி மிஷினை மிதித்தபடியே அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள், மறுபடி பார்த்தாள். பதினோராவது நாள் மதியம் அவளால் முடியவில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டாள். சொந்த வீட்டில் திருட்டு வேலை.

பட்டன் போட்டுவைக்கும் குட்டையான கண்ணாடி பாட்டிலை எடுத்துப் பட்டனையெல்லாம் ஒரு கிண்ணத்தில் கொட்டினாள். பாட்டிலைக் கழுவி, தொட்டியின் இடது மூலையில் மணல்மேல் படுக்கவைத்தாள். கொழுத்த கோமாளிகளுக்கு அதன் வாய் பத்தாது. புதுச் சொட்டுமருந்துக் குழாயின் முனையில் ஓர் உறிஞ்சுகுழலைச் செருகி, பம்பை அணைத்து, பாட்டிலுக்குள் நாலே நாலு மீன்முட்டையை விட்டாள்.

பம்புச் சத்தம் நின்றதும் இரண்டு மாண்டரினும் பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தன. மெல்ல நகர்ந்து பாட்டிலுக்குள் நுழைந்தன. யோசித்தன. யாரும் பறிக்கவில்லை. இன்னும் யோசித்தன. பிறகு பெண் மீன் ஒரு முட்டையை லபக்கென்று விழுங்கியது.

"அப்பாடா, என் கண்ணு!" என்று தையல்காரி வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அன்றிலிருந்து நாலு வேளை. மூன்றே வாரத்தில் இரண்டும் தொப்பை போட்டன. அவர் வரும் நேரத்தில் ஈர பாட்டில் மிஷின் இழுப்பறையில் ஒளிந்துகொள்ளும். டிரைவருக்கோ தலைகால் புரியவில்லை.

"பார்த்தியா, வயிறு எப்படி உருண்டிருக்கு! எனக்குக் கைராசி வந்துடுச்சும்மா!"

"ஆமாமா, மெச்சிக்கணும்" என்று அவள் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். உண்மையைச் சொல்லாததற்கு வீம்பு பாதிக் காரணம். மீதி, அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அந்தச் சந்தோஷத்துக்கு அவளே உலை வைத்தாள். ஒரு திங்கட்கிழமை மதியம் பம்பை அணைத்து முட்டையை விட்ட நேரத்தில் டீச்சரம்மா கதவைத் தட்டினாள். முத்துப் பட்டன் ஆறு வேண்டுமாம், எல்லாம் ஒரே அளவில். பாட்டில் மீன்களிடம் போனதிலிருந்து பட்டனெல்லாம் கிண்ணத்தில் கலந்து கிடந்தன. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். ஐந்து கிடைத்தது. ஆறாவதைத் தேடினார்கள். பேச்சு எங்கெங்கோ போனது. டீச்சரம்மா கிளம்பியபோது மூன்று மணி நேரம் ஓடியிருந்தது. வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது.

கோமாளிகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மாண்டரின் இரண்டும் மணலில் கிடந்தன, செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் பாய்ந்து பம்பைப் போட்டாள். பாட்டிலை எடுத்து ஒளித்தாள். பத்தே நிமிஷத்தில் டிரைவர் வந்துவிட்டார்.

அவர் தொட்டியைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காலையில ஒரு பிடி கூடுதலா போட்டேம்மா. தண்ணி கெட்டுப்போச்சு போல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் எழுந்து போய் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

மீன்கள் பொழுது சாய்வதற்குள் தேறிவிட்டன. மனுஷன் தேறவில்லை. பண்ணைக்கார அம்மாவுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு எனக்கு லீவுங்க. ரெண்டையும் உங்ககிட்டயே கொண்டாந்து விட்டுடறேன். என்கிட்ட இருந்தா செத்துடுங்க. என்னால இன்னொரு தடவை பார்க்க முடியாது."

காலையில் அவர் பையில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்தார். வலையை எடுத்தார். தையல்காரி மிஷின்முன் உட்கார்ந்திருந்தாள். ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை. இப்போது வாயைத் திறக்காவிட்டால் இந்த மனுஷன் தன்னைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டே மிச்சக் காலத்தையும் ஓட்டிவிடுவார். சொன்ன சொல்லாவது மண்ணாவது என்று எழுந்து போய்ப் பம்பை அணைத்தாள்.

"அதை ஏம்மா அணைக்கிற?"

"பேசாம பாருங்க."

சத்தம் அடங்கியது. ஆண் மீன் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது, பின்னாலேயே பெண். இரண்டும் நேராக இடது மூலைக்கு வந்து, வெறும் மணல்மேல் நின்று, மேலே பார்த்தன.

"இதுங்க எதுக்கு இங்க வந்து நிக்குது?"

"சாப்பாட்டுக்கு." அவள் இழுப்பறையிலிருந்து பாட்டிலையும் குழாயையும் எடுத்து அவர்முன் வைத்தாள்.

டிரைவர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"மூணு வாரத்துக்கு மேல. தினம் நாலு தடவை."

"அப்ப நான் போட்டதெல்லாம்?"

"கோமாளி தின்னுச்சு."

அவர் கோமாளி மீன்களைப் பார்த்தார். உண்மைதான், இரண்டும் பந்து மாதிரி இருந்தன.

"நேத்து தண்ணி கெடலீங்க. பம்பை அணைச்சது நான். பட்டன் தேடப்போய் மறந்துட்டேன். நேத்தே சொல்லியிருக்கணும், வாய் வரல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் வலையைக் கீழே வைத்தார்.

"போன ரெண்டுக்கும் இப்படிக் கொடுத்திருந்தா பொழைச்சிருக்குமா?"

ஆமாம் என்றால் வலிக்கும், இல்லை என்றால் பொய்யாகிவிடும். "தெரியலீங்க" என்றாள். பிறகு பாட்டிலை மூலையில் மணல்மேல் படுக்கவைத்து, குழாயில் முட்டையை உறிஞ்சி அவர் கையில் கொடுத்தாள்.

"வேணாம்மா, நீயே கொடு."

"பிடிங்க. அவசரப்படாதீங்க, அவ்வளவுதான்."

அவர் பிடித்தார். எவ்வளவு நெரிசலிலும் ஸ்டீயரிங்கில் ஆடாத கை ஆடியது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பாட்டிலுக்குள் ஒரு முட்டை இறங்கியது. பெண் மீன் உள்ளே நுழைந்தது. இந்தக் கண்ணால் பார்த்தது. அந்தக் கண்ணால் பார்த்தது. முகத்தைத் திருப்பியது. மீன் திரும்பி வந்து லபக்கென்று விழுங்கியது.

"தின்னுடுச்சும்மா" என்றார் அவர், யாரையோ எழுப்பிவிடப் பயந்தவர் போல. பிறகு கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதார். தோள் குலுங்கியது, குழாய் பிடித்த கை மட்டும் அசையவில்லை.

"அழுதது போதும்" என்றாள் தையல்காரி. அவள் கன்னமும் நனைந்துதான் இருந்தது. "இன்னொண்ணு பசியோட நிக்குது, கொடுங்க."