எபி நின்ற கட்டம்

என் தம்பி எபி மலையில் காட்டுத்தீயில் இறந்துபோனான். அங்கே ஒரு தனியார் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தான். தீ பரவாமலிருக்கப் புல்லை வழித்துப் பாதைபோல மொட்டைத் தரை விட்டு வைப்பார்கள். அதற்குத் தீக்கோடு என்று பெயர். அவன் உடல் கிடந்தது அந்தக் கோட்டின் மேல்தான். ஆனால் மொட்டைத் தரையில் தீ எப்படி வரும், சொன்னதைக் கேட்காமல் தாண்டிப் போய்த் தீப்பட்டுத் திரும்பி வந்து விழுந்திருக்கிறார் என்று எஸ்டேட்காரர்கள் கை கழுவிவிட்டார்கள்.

அதைவிட எரிச்சல் எங்கள் சர்ச் ஆட்கள். துக்கம் கேட்க வந்து, "சின்ன வயசுலேர்ந்தே அவன் யார் பேச்சையும் கேக்க மாட்டானே" என்று சொல்லிவிட்டுக் காபியையும் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மா அமலராணி தாம்பரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவள். ஊர்ப் பிள்ளைகளை அடக்கியவளால் சொந்தப் பிள்ளையை அடக்க முடியவில்லையாம். அதற்குப் பிறகு அவள் சர்ச்சுக்கே போகவில்லை.

நான் குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன்.

"தீ எப்படிப் பரவும்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கலாம்னியே எப்சி. அவன் தாண்டலன்னு காட்டு. எனக்கு அது போதும்" என்றாள் அம்மா.

காட்டைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் சரிவு, புல், காற்று எல்லாம் கொடுத்தேன். பற்றிய கட்டம் பக்கத்துக் கட்டத்தைப் பற்றவைக்கும். எபிக்கு ஒரு நீலப் புள்ளி. எத்தனை முறை ஓட்டினாலும் தீ கோட்டருகே வந்து அணைந்தது. புள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் அவன் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். என் கணக்கே அவர்கள் பக்கம் சாட்சி சொன்னது. லேப்டாப்பைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம்போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த அவன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாகிற அன்று காலையில் அம்மாவுக்கு அனுப்பிய செல்ஃபி அது. பின்னால் நீல வானம், வெள்ளை மேகம். ஸ்டூடியோக்காரர் போட்டுக் கொடுத்த வானம்.

"பின்னாடி முதல்ல என்னம்மா இருந்துச்சு?"

"ஒரே குப்பை. அதான் எடுத்துடச் சொன்னேன்."

அவள் போனில் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். 'லைன்ல டியூட்டிம்மா' என்று கீழே எழுதியிருந்தான். தீக்கோட்டை லைன் என்றுதான் சொல்வான். அவன் இடுப்புவரைக்கும் காய்ந்த புல். அந்த வருஷம் யாரும் அங்கே அரிவாளே வைக்கவில்லை. எஸ்டேட் வரைபடத்தில் மட்டும் மொட்டைத் தரை இருந்தது. அதை அப்படியே நம்பி நானும் போட்டிருந்தேன்.

கோட்டின் கட்டங்களில் புல்லைப் போட்டு மறுபடி ஓட்டினேன். தீ அங்கே தயங்கக்கூட இல்லை. நீலப் புள்ளி மறைந்தது.

"தாண்டலம்மா. நிக்கச் சொன்ன இடத்துலதான் நின்னிருக்கான்."

அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"வெளிய எல்லார்கிட்டயும் தாண்டலன்னுதான் சொன்னேன். உள்ளுக்குள்ள, தப்பிக்க எங்கயாவது ஓடிப் பாத்திருப்பான்னு நெனச்சுக்குவேன். யார் பேச்சும் கேக்காதவன்தானே. அத நெனச்சுத்தான் தூங்கினேன்" என்றாள். "இந்த ஒரு தடவ போய்க் கேட்டிருக்கான் பாரு."

ஏன்தான் இதைக் கண்டுபிடித்தேனோ என்றிருந்தது.

அவள் திரையைக் காட்டி, "இதுல அவன நகத்த முடியுமா?" என்றாள்.

"எங்கம்மா?"

"எங்கயாவது."

கீழே ஓடையோரம் ஒரு பெரிய பாறை உண்டு, புல்லில்லாத கட்டங்கள். புள்ளியை அங்கே கொண்டுபோய் வைத்து ஓட்டினேன். தீ சுற்றிலும் எரித்துவிட்டு மேலே ஏறிப் போனது. திரை முழுக்கக் கரி. நடுவில் நீலப் புள்ளி அப்படியே இருந்தது.

லேப்டாப்பை மூடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாத எப்சி. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."