கதிரவேலுவின் மகன்

1879இல் இறந்துபோன பறவை ஆய்வாளர் டாக்டர் ஓபர்லேஹ்னர், சென்ற மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் தன் பறவைகள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வேலைக்குத் திரும்பினார். வெறுங்கையால் எதையும் தொடுவதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு நிர்வாகம் நிலவறைச் சாவியைக் கொடுத்தது. கையெழுத்திட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

நிலவறையைத் துடைப்பவர் சோதிலிங்கம். யாழ்ப்பாணத்தார், இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. செத்த பிறகு கிடைத்த ஓய்வில் டாக்டர் யாழ்ப்பாணத் தமிழை நன்றாகவே படித்திருந்ததால், அவர் துடைக்கத் துடைக்க இவர் தன் கதையைச் சொன்னார். பதினொரு பறவைகளுக்குத் தன் பெயரையும், ஓய்வூதியத்தை நினைத்து ஒன்றுக்கு மட்டும் கோமகனின் பெயரையும் வைத்தவர் அவர். இலங்கையின் வன்னிக் காட்டில் அவர் செய்த ஆய்வு பெரும்பாலும் காய்ச்சலோடு கட்டிலில் கிடந்ததுதான். தேடியது, சுட்டது, தோலுரித்துப் பஞ்சடைத்தது எல்லாம் உள்ளூர் ஆள் ஒருவன். டாக்டர் பிழைத்துக்கொண்ட காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று. அறுநூறு பக்க நூலில் அவன் வெறும் 'ஒரு சுதேசி'. அந்தக் குறை தீராமல் மண்ணுக்குள் படுக்க முடியவில்லை என்றார். பழைய குறிப்பேட்டில் பெயர் கிடைத்தது: கதிரவேலு. நிர்வாகம் அந்தப் பெயரில் பித்தளைத் தகடு செய்து, விழாவுக்கு வைனுக்கும் சொல்லிவிட்டது.

தகட்டை மாட்டியதும், அவன் பஞ்சடைத்து நூற்றைம்பது வருடமாக அசையாத சாம்பல் குருவி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது.

"ஐயா, அது தகப்பன்ர பேர்," என்றார் சோதிலிங்கம். "எங்கட ஆக்கள் தகப்பன்ர பேரை முன்னுக்குச் சொல்லிப்போட்டுத்தான் தங்கட பேரைச் சொல்லுவினம். நீங்கள் முதலாவதை எழுதிப்போட்டுப் பேனையை மூடிட்டியள்."

டாக்டர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வா எண்டா வந்தவன்," என்றார். "பேர் தேவைப்படேல்லை."

சோதிலிங்கத்துக்கு அந்தப் பிழை புதிதல்ல. புகலிட அலுவலகத்தில் அவரும் அதே வரிசையில்தான் சொன்னார்; அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் ஹெர் நாகமணி, அதாவது திருவாளர் நாகமணி. உண்மையான நாகமணி, அவருடைய அப்பா, தொண்ணூற்றாறில் ஊரிலேயே செத்தார். விசா இல்லாத மகனால் கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. பெயரைத் திருத்த ஒரு விண்ணப்பம் போதும். யாராவது கூப்பிடும்போதெல்லாம் அப்பா இருப்பதுபோல இருந்ததால், அவர் அதைப் போடவில்லை.

இப்போது திங்கட்கிழமைதோறும் சோதிலிங்கம் குருவிக்கு ஊர் ஆண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நானூறு தாண்டிவிட்டது, குருவி திரும்பவில்லை. "செத்த ஆளின்ர பேரைத் தேடுறியள்," என்றாள் மனைவி ஜெயமலர். "அந்த டொக்டர் மனுசன் உங்கட பேரைக் கேட்டவரோ?"

கேட்கவில்லை. மற்றவனின் பெயரைக் கேட்காமல் விட்டதற்காக வாரம் தவறாமல் அழும் டாக்டர், அழுது முடித்ததும், "ஹெர் நாகமணி, வாங்கோ," என்று கூப்பிடுகிறார். சோதிலிங்கம் எழுந்து போகிறார். பின்னாலேயே, வா என்றால் வந்த பழக்கத்தில், வெறுங்கால் நடை ஒன்றும் போகிறது. ஈரத் தரையில் செம்மண் தடம் விழுகிறது. திரும்பி வரும்போது அதையும் அவரே துடைத்துவிடுகிறார்.