கடவுச்சொல்லே கவசம்

குடும்பம் என்பது நம்பிக்கை என்னும் ஒற்றைத் தூணின் மேல் நிற்கிறது. அந்தத் தூணில் பூட்டுத் தொங்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், செய்தித்தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மனைவிக்கும் அவள் தம்பிக்கும் அவர் இதை அறிவித்தார்.

"அதனால கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டை எடுத்துடப்போறேன். பட்டனை அமுக்கினா அதுபாட்டுக்குத் திறக்கணும்."

சொன்னவர், குளிக்கும்போதுகூட பீரோ சாவியை இடுப்பிலிருந்து அவிழ்க்காதவர். ஒரு பெரிய நிறுவனத்தில் தகவல் பாதுகாப்புக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே முதுகுக்குப் பின்னால் அவரைப் 'பூட்டு' என்றார்கள். பிரிண்டர் பழுது பார்த்துப் பிழைக்கும் மைத்துனனுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

"பூட்டு மாமாவா பேசறது? அக்கா, காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாரு."

உண்மை இவ்வளவுதான்: பாஸ்வேர்டு அவருக்கு மறந்துவிட்டது. மூன்று வாரமாகிறது. விரல்கள் தாமாகவே அடித்துக்கொண்டிருந்த ஒன்று, ஒரு காலையில் விசைப்பலகை முன் உட்கார்ந்தபோது, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் வெறுமையாக இருந்தது. மறதி யாருக்குத்தான் இல்லை? ஆனால் நிறுவனத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஆண்டுதோறும் 'கடவுச்சொல்லே கவசம்' என்று சொற்பொழிவாற்றுகிறவர் அதை யாரிடம் போய்ச் சொல்வார்? கடவுச்சொல்லை மறந்தவன் தன் பெயரையே மறந்தவன் என்று அவர் முழங்கும் இடத்தில் அரங்கமே எழுந்து நிற்கும். இந்த ஆண்டு அழைப்பு வரவேண்டிய மாதம் இது. மின்னஞ்சலில்தான் வரும். கைப்பேசியில் அஞ்சல் பார்ப்பது நடுத்தெருவில் நின்று குளிப்பதற்குச் சமம் என்பது அவருடைய கொள்கை. ஆகவே அழைப்பு பெட்டிக்குள்ளும் அவர் வெளியிலுமாக நாள் போய்க்கொண்டிருந்தது.

மைத்துனன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சரி, பாஸ்வேர்டைப் போடுங்க மாமா."

"பாஸ்வேர்டை எடுக்கத்தானே உன்னைக் கூப்பிட்டேன்? பூட்டைக் கழட்டச் சொன்னா சாவியைக் கேக்கறியே மாப்ள."

"உள்ள போய்த்தானே கழட்டணும்? உள்ள போனப்புறமும் இன்னொரு தடவை கேக்கும். நிஜமாவே நீங்கதானான்னு அதுக்குத் தெரியணும்ல."

நிஜமாகவே நான்தானா. அவர் இருவரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். திருமண நாள், மகளின் பிறந்த நாள், முதல் ஸ்கூட்டரின் எண் என்று வாழ்க்கையில் எண்ணாக இருந்தது எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் திரை ஒருமுறை உதறிவிட்டு, தவறு என்றது. அவருக்குக் கீழே வேலை செய்த யாரும் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

கதவைத் திறந்தபோது முகத்தில் அதிகாரி வந்திருந்தார். "மெஷின்ல ஏதோ கோளாறு. ஏத்துக்க மாட்டேங்குது."

"அப்ப மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டுர்றேன். உள்ள இருக்கறது எல்லாம் போயிடும், பரவாயில்லையா?"

அவர் தலையசைக்கப் போனார். அதற்குள், வாசற்படியில் நின்ற மனைவி முன்னால் வந்தாள். உள்ளே மகளின் படங்கள் இருந்தன, பல் விழுந்த வயதிலிருந்து.

"சீஃப்னு இங்கிலீஷ்ல அடிடா, எல்லாம் பெரிய எழுத்து. அப்புறம் முன்னூத்திப் பதினாலு, ஆபீஸ்ல இவரு ரூம் நம்பர். கடைசில ரெண்டு ஆச்சரியக்குறி."

திறந்துகொண்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். குரல் ஒரு விசாரணைக்குத் தேவையான அளவுக்கு எழும்பவில்லை.

"அடிக்கறப்ப ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லுவீங்களே. ஆச்சரியக்குறியைக்கூட விடமாட்டீங்க. அடுப்படி வரைக்கும் கேக்கும்."

மைத்துனன் சிரிக்க வாயைத் திறந்தான். அக்காள் பார்த்த பார்வையில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினான்.

அவர் கணினியை அணைத்து மறுபடி போட்டார். எதுவும் கேட்காமல், யார் என்று பார்க்காமல், அது திறந்துகொண்டது. வேலைக்காரன் முதலாளியிடம் இப்படி நடந்துகொண்டால் மரியாதையில்லை என்று அவருக்குத் தோன்றியது. அஞ்சலைத் திறந்து மேலிருந்து கீழாகத் தேடினார். தள்ளுபடி விற்பனைகள், காப்பீடு, மறுபடி தள்ளுபடி.

"இன்னும் கூப்பிடல. நன்றிகெட்ட பசங்க."

"கூப்பிட்டாங்க." அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கை ஈரமாக இல்லை. "உடம்பு சரியில்ல, இனிமே வரமாட்டார்னு நான்தான் இதுலேயே எழுதிப்போட்டுட்டு, அதை அழிச்சேன்."

"யாரைக் கேட்டு எழுதின? இருநூறு பேர் அங்க என் பேச்சுக்காகக் காத்துக்கிட்டிருக்கான்! என் பேர்ல எழுத நீ யாரு?"

"போன வருஷம் நானும் வந்தேன்ல, கடைசி வரிசைல உக்காந்திருந்தேன். பேசி முடிச்சீங்க. தண்ணி குடிச்சீங்க. அப்புறம் மறுபடி வணக்கம் சொல்லி, முதல்லேர்ந்து முழுசாப் பேசினீங்க."

அவர் தேடிப் பார்த்தார். தண்ணீர் டம்ளர் நினைவில் இருந்தது. அதன் மேல் போட்டிருந்த காகித மூடி இருந்தது. கைதட்டல் இருந்தது, நன்றாகவே இருந்தது.

"பொய் சொல்லாதே. எல்லாரும் கை தட்டினாங்க."

"தட்டினாங்க," என்றாள் அவள். "ரெண்டு தடவையும் தட்டினாங்க."