பெருக்கல் போட்ட கதவு

சொட்டு மருந்து சாருக்கு வாய் சும்மா இருக்காது. சுகாதார ஆய்வாளர் என்று அரசாங்கம் கொடுத்த பட்டம் ஒன்று இருந்தாலும், குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து ஊற்றத் தெருத்தெருவாக அலைந்ததில் இந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. ஒரு வீட்டு வாசலில் நின்றாரென்றால் குழந்தைக்கு என்ன வயசு என்று ஆரம்பித்து, மாமியாரின் மூட்டுவலி, மாடிக்கு ஏறாத தண்ணீர், காணாமல்போன நாய் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் நகர்வார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாயை வைத்துத்தான் அவர் உத்தியோகத்தில் பிழைத்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதரைப் பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கை இல்லாத நாட்டுக்கு அனுப்பிவைத்தது இலாகா. பொதுச் சுகாதாரத்தில் கோடைக்காலக் குறும்படிப்பு. பல நாட்டு ஆட்கள் வருவார்கள், பல்கலைக்கழகமே தங்க அறை கொடுக்கும், முடித்தால் சான்றிதழ். போக வேண்டிய மேலதிகாரிக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் வாய்ப்பு இவர் மடியில் வந்து விழுந்தது. தெருவே திரண்டு வழியனுப்பியது. மச்சினன், "மாமா, நல்ல ஷூவா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று தன் பாதத்தின் நீளத்தை ஒரு நூலில் அளந்து கையில் கொடுத்தான். அந்த நூலைப் பர்ஸில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அறை நன்றாகத்தான் இருந்தது. கட்டில், மேசை, ஒரு நாற்காலி, கையகலத்துக்கு மேல் திறக்காத ஜன்னல். தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் சின்னஞ்சிறுசுகள். சாப்பிடும்போதும் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். அந்த நாட்டு மொழி இவருக்கு அரைகுறை. அவர்கள் பேசினால் பாதி புரியும், இவர் பேசினால் அவர்களுக்குக் கால்வாசி புரியும். (அங்கே பேசியதையெல்லாம் நம் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். இல்லாவிட்டால் நமக்கும் கால்வாசிதான் புரியும்.) சில நாட்களில் காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கப்போகும் வரை, கடைக்காரரிடம் சொன்ன 'நன்றி' ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வந்த பேச்சாக இருக்கும். தொண்டை துருப்பிடித்துவிடுமோ என்று பயந்து குளியலறையில் தனக்குத்தானே பேசிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போன் போட்டால் பெண் எடுப்பாள். "நல்லா இருக்கேன்பா, அம்மாகிட்ட குடுக்கறேன்." அம்மா வருவாள்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். அங்க என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. கிச்சன் குழாய் ஒழுகிச்சு. ஆளக் கூப்ட்டு மாத்திட்டேன்."

"நான் வந்து பாத்திருப்பேனே."

"நீங்க ரெண்டு வருஷமா பாத்துட்டுத்தானே இருந்தீங்க? அடுப்புல வேல இருக்கு, வெச்சிடவா?"

அவர் இல்லாமல் வீடு நன்றாகவே ஓடியது. அதுதான் அவருக்குச் சங்கடம். எப்ப வர்றீங்க என்று அவள் ஒருநாளாவது கேட்பாள் என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தார். திரும்பி வரும் தேதி டிக்கெட்டிலேயே இருக்கிறது, காலண்டரிலும் அவளே வட்டம் போட்டிருக்கிறாள், பிறகு எதற்குக் கேட்பாள்? நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு மனசு என்ன செய்யும்? போனை வைத்ததும் கட்டிலில் உட்கார்ந்து மச்சினனின் நூலை எடுத்து விரலில் சுற்றுவார், அவிழ்ப்பார்.

இப்படி வாடிக்கிடந்தவருக்கு, வீடு வீடாகப் போகும் பயிற்சி என்று பேராசிரியை அறிவித்ததும் உயிர் வந்தது. வெயில் காலத்தில் தனியாக வசிக்கும் வயதானவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டு வர வேண்டும். இவர் கையைத் தூக்கினார்.

"வீடு பூட்டியிருந்தா, திரும்ப எப்ப போகணும் மேடம்?"

"போக வேண்டாம். அடுத்த வீட்ட எடுத்துக்கங்க. நமக்கு இருக்கற நேரம் அவ்வளவுதான்."

இது அவர் தொண்டையில் இறங்கவில்லை. அவர் ஊர் வேலையில் வழக்கமே வேறு. முடிந்த வீட்டுக் கதவோரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். ஆள் இல்லாத வீட்டுக்குப் பெருக்கல் குறி. பெருக்கல் போட்டால் திரும்பி வருவேன் என்று அர்த்தம். மழையானாலும் காய்ச்சலானாலும் பெருக்கல் போட்ட வீட்டுக்கு அவர் திரும்பிப் போகாமல் இருந்ததே கிடையாது. பதவி உயர்வு வராதது, சொந்த வீடு கட்டாதது என்று குறைகள் ஆயிரம் இருந்தாலும், பெருமை என்று அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அவருக்குக் கொடுத்தது நாலுமாடிக் கட்டடம் ஒன்று. கரும்பழுப்பு வண்ணம் பூசிய மரக்கதவுகள், வளைந்து ஏறும் படிக்கட்டு. கதவைப் பாதி திறந்தவர்கள் பாதி பதில் சொன்னார்கள். ஒவ்வொரு வாசலிலும் இன்னும் கொஞ்சம் பேசலாமே என்று அவர் நிற்க, கதவு மூடிக்கொண்டது. மூடிய கதவைப் பார்த்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. சாக்பீஸ் துண்டு ஒன்று சட்டைப்பையோடேயே கடல் தாண்டி வந்திருந்தது. பழக்க தோஷம் யாரை விட்டது? வட்டம், வட்டம், நடுவே ஒரு பெருக்கல், மறுபடி வட்டம் என்று போட்டுக்கொண்டே மேலே ஏறினார்.

மேல்மாடியின் கடைசி வீடு. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இவர் மணியை அழுத்தியதும் ரேடியோ நின்றது. கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினார். உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போல ஓர் அமைதி. சரி, மனசில்லை என்றால் இன்னொரு நாள் வருவோம் என்று கதவோரத்தில் ஒரு பெருக்கல் போட்டார்.

"என்ன கிறுக்கறீங்க?" என்று பின்னாலிருந்து குரல். படிக்கட்டைத் துடைக்கிற அம்மா, கையில் ஈரத் துடைப்பத்தோடு நின்றாள்.

ஒரு கேள்வி கேட்டுவிட்டார்களே என்று சாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். வட்டம் எதற்கு, பெருக்கல் எதற்கு, தன் ஊரில் எப்படி, மழையில் அழிந்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் விளக்கினார். "இந்த வீட்டுக்குப் பெருக்கல் போட்டிருக்கேன் பாருங்க. நான் கண்டிப்பா திரும்ப வருவேன்னு அர்த்தம்."

"ம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த படியைத் துடைக்கப் போனாள்.

மறுநாள் பேராசிரியை கூப்பிட்டனுப்பினார். இரண்டாம் மாடியில் குழந்தைகளோடு தனியாக இருக்கும் ஒரு பெண், வேலை முடிந்து வந்தவள், கதவிலிருந்த குறியைப் பார்த்து நடுங்கிப்போய்விட்டாளாம். போலீஸ் வந்து எல்லாக் கதவையும் போட்டோ எடுத்ததாம்.

"ஆள் இருக்கற வீட்டுக்கு ஒரு அடையாளம், ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு அடையாளம்," என்றார் பேராசிரியை. "ஒரு திருடனுக்கு இதவிட என்ன வேணும், நீங்களே சொல்லுங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. எத்தனை வருஷமாகப் போட்ட குறி, இப்படி ஒரு கோணம் இருப்பதே தோன்றவில்லையே. அந்தப் பெண் கதவைத் தாழிட்டுக் குழந்தைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாளே என்று நினைத்ததும் வெட்கத்தில் காது சுட்டது. வகுப்புக்குள் விஷயம் பரவி அவருக்கு 'சாக்பீஸ்' என்று புதுப்பெயர் வந்தது. அதுவரை எந்தப் பெயருமே சொல்லிக் கூப்பிடாதவர்கள் அப்படியாவது கூப்பிட்டார்கள்.

"நானே போய் அழிச்சிடறேன் மேடம். எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன். அந்த மேல்மாடி வீட்டுக்கு மட்டும் ஒரு தடவ..."

"அழிச்சா போதும். அந்தக் கட்டடத்துல இனிமே ஒரு கதவையும் நீங்க தட்டக் கூடாது. தட்டினா சான்றிதழ் கிடையாது, உடனே ஊருக்கு அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழியில்ல." சொல்லும்போது அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. நல்ல மனுஷிதான்.

போலீஸ் போட்டோ எடுத்த குறியை யாரும் தொடக் கூடாதாம், அழிப்பதற்கும் அனுமதி வேண்டுமாம். கட்டடத்துச் சங்கம் கூட வேண்டும், பல்கலைக்கழகம் எழுதித்தர வேண்டும். போட எடுத்த நேரம் ஒரு நொடி. அழிக்க உத்தரவு வந்தபோது படிப்பின் கடைசி வாரம் வந்துவிட்டது. அதுவரை தினமும் வகுப்பு ஜன்னல் வழியே வெயிலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மேல்மாடிக் கதவு நினைவுக்கு வந்தது. இந்த வெக்கையில் உள்ளே யார் என்ன ஆனாரோ. முதன்முதலாக ஒரு பெருக்கலைக் கைவிட்டுவிடப் போகிறோம் என்று அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வாளியும் துணியுமாகப் போய்க் கீழ் மாடியிலிருந்து துடைத்துக்கொண்டு ஏறினார். ஒரு கதவும் திறக்கவில்லை. மேல்மாடிக்கு வந்தார். பெருக்கல் அப்படியே இருந்தது. துணியைப் பிழிந்து, சத்தம் வராமல் மெல்லத் துடைத்தார். ஒரு கோடு போயிற்று. மற்றதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அவர் தட்டவில்லை, தானாகத்தான் திறந்தது. இதைப் பேராசிரியையிடம் சத்தியம் செய்துகூடச் சொல்லலாம்.

வயதானவர் ஒருவர் நின்றார். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும். அன்று காலைதான் முகம் மழித்திருக்க வேண்டும், தாடையில் சின்னதாக ஒரு வெட்டு.

"அழிக்கறீங்களா?" என்றார்.

"ஆமாங்க. மன்னிச்சிக்குங்க. புகார் வந்துடுச்சு."

"நான் குடுக்கலியே." கதவோரத்தைப் பார்த்தார். "அப்ப திரும்ப வரப்போறதில்லையா?"

இதோ வந்துதான் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார் சார். வந்தது அழிக்க அல்லவா என்று வாய் தானே மூடிக்கொண்டது.

"துடைக்கற அம்மா சொன்னாங்க, வருவீங்கன்னு," என்றார் பெரியவர். "அன்னிக்கு எதையாவது விக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சி ரேடியோவ அணைச்சிட்டேன். அப்புறந்தான் விஷயம் தெரிஞ்சுது. அதுலேருந்து ரேடியோவ சத்தம் குறைச்சேதான் வெச்சிருக்கேன். பெல் கேக்காமப் போயிட்டா?"

சார் வாளியைக் கீழே வைத்தார். "உள்ள வரலாங்களா?"

சிறிய அறை. ஜன்னல்கள் சாத்தித் திரை போட்டிருந்தது. ஒரு நாற்காலி உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்திருந்தது. எதிரே இன்னொன்று, வேறு அறையிலிருந்து எடுத்து வந்து துடைத்துப் போட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் தட்டால் மூடிய ஒரு தம்ளர் தண்ணீர். தினமும் மாற்றி வைத்திருப்பார் போல. பெரியவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவராம். மனைவி போய் வெகு காலமாயிற்று. மகன் தூரத்தில்.

பயிற்சி முடிந்து எவ்வளவோ நாளாகியும் சார் பழைய கேள்விகளையே கேட்டார்.

"வெயில்ல என்ன பண்ணுவீங்க?"

"ஜன்னல சாத்திட்டு உக்காந்திருப்பேன்."

"திடீர்னு ஒடம்புக்கு முடியலன்னா யாரக் கூப்பிடுவீங்க?"

"பஸ்ல யாராவது மணி அடிச்சா நான் நிறுத்துவேன். இப்ப நான் மணி அடிச்சா யார் நிறுத்துவா?" என்று சொல்லிவிட்டு, டிரைவர் தானே சிரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சாரின் வாய் திறந்துகொண்டது. கோடை முழுக்க அடைத்துவைத்திருந்ததெல்லாம் மடை உடைத்துக்கொண்டு வந்தது. ஒழுகிய குழாய், அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்த ரெண்டு வருஷம், மச்சினனின் பாதம். நூலை எடுத்துத் தரையில் நீட்டிக் காட்டினார். டிரைவர் தன் காலைப் பக்கத்தில் வைத்து அளந்து, "உங்க மச்சினனுக்கு என் காலு" என்று சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மொழி கால்வாசி புரிந்ததா, அரைவாசி புரிந்ததா என்று இருவருமே கவனிக்கவில்லை.

தெருவில் ஹாரன் கேட்டது. அவரைக் கொண்டுவந்து விட்ட பல்கலைக்கழக வண்டி. சார் எழுந்தார். டிரைவரும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மறுபடி எப்ப வர்றீங்க?"

எத்தனையோ நாளாகச் சார் ஒரு குரலில் கேட்கக் காத்திருந்த கேள்வி அது. கேட்டது வேறு குரல்.

"நான் வெள்ளிக்கிழம ஊருக்குப் போறேங்க. அவ்வளவுதான். திரும்ப வர மாட்டேன்." பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

டிரைவர் தலையை ஆட்டினார். கதவைத் திரும்பிப் பார்த்தார். "அந்த சாக்பீஸ் இருக்கா?"

"இருக்கு."

"உள்பக்கம் போடுங்க. உள்ள போட்டா யாரும் புகார் குடுக்க மாட்டாங்க."

சார் சாக்பீஸை எடுத்தார். வீடு முடிந்தது, கை வழக்கப்படி வட்டத்தைத் தொடங்கியது. பாதி வளைவதற்குள் டிரைவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அது வேண்டாம். இன்னொண்ணு."

"நான்தான் வரமாட்டேங்களே."

"தெரியும். போடுங்க."

சார் அரைவட்டத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, பெருக்கல் போட்டார். அவர் சர்வீஸிலேயே பொய்யென்று தெரிந்து போட்டது அது ஒன்றுதான்.

வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது, ரேடியோ பாடத் தொடங்கியது. இனி யாரும் வரப்போவதில்லை, சத்தத்தைக் கூட்டிக்கொள்வார் என்று படிக்கட்டிலேயே நின்று காத்திருந்தார். கீழே ஹாரன் மறுபடி அடித்தது. மேலே ரேடியோ குறைந்த சத்தத்திலேயே பாடிக்கொண்டிருந்தது.