பெர்மாஸ் ஜெயாவில் துளிர்த்த கொடிக்கம்புகள்

தேர்தல் முடிந்த மறுவாரம், மலேசியாவில் பெர்மாஸ் ஜெயாவில் பிரேமலா குடியிருந்த முட்டுத்தெருவில் கட்சிக் கொடிகளின் மூங்கில் கம்புகள் வேர்விட்டுத் துளிர்த்தன. பிடுங்க எவனும் வராததால் மூங்கில் தன் வேலையைப் பார்த்தது. ஊதாக் கொடிகளை நட்டவன் பிரேமலாவின் புருஷன் கமலநாதன். ஆரஞ்சுக் கொடிகளை நட்டவர் எதிர்வீட்டு ஜெகபர் சாதிக், ரொட்டி சானாய்க் கடைக்காரர். பிரச்சாரத்தில் அவரை இவன், தமிழ் முஸ்லிம்களை இளக்காரமாகச் சொல்லும் ‘மாமாக்’ என்ற பேரால் அழைத்தான், இவனை அவர் ‘தோட்டத்துக் கூலி’ என்றார். அதிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. தலைநகரிலோ இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரே கேக்கை வெட்டி, ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிக் கூட்டணி ஆட்சி அமைத்துவிட்டார்கள். கீழே இருந்த இந்த இரண்டு மாவீரர்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இரண்டு பக்கத்து மூங்கிலும் பின்னிப் பிணைந்து தெருவின் வாயை அடைத்தன. எலி நுழைய இடமில்லை. நகராட்சியின் இயந்திர வாள் பல் உடைந்து திரும்பியது. தொகுதியின் ஒய்.பி., அதாவது மக்கள் பிரதிநிதி, மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒற்றுமையைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டுப் போனார். சிறுநீரகம் பழுதான பிரேமலாவுக்கு அன்று டயாலிசிஸ் தவறியது. கால் வீங்கியது, மூச்சு இரைத்தது.

தோட்டத்தில் தன் அப்பா மரம் அறுத்த, இரண்டு பேர் இழுக்கும் வாளைக் கமலநாதன் எடுத்துவந்தான். தெருவிலிருந்த ஊதாக்காரர்களையெல்லாம் மறுமுனையில் நிறுத்திப் பார்த்தான். கீறல்கூட விழவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பிரேமலாவுக்குத் தன்னைக் கொல்லப்போவது மூங்கில் இல்லை, இந்த மடையர்கள்தான் என்று புரிந்தது. ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. அவள் இரைப்பு எதிர்வீடுவரை கேட்டது. ஜெகபர் சாதிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கமலநாதனைப் பார்க்காமலே மறுபிடியைப் பிடித்தார். மூங்கில் வாழைத்தண்டாக அறுபட்டது.

“உங்க ஆளுங்கதான் முதல்ல நட்டாங்க, பாய்.”

“வாய மூடிட்டு இழு. வாளு கோணுது.”

“அலமாக்! சண்டைய அப்புறம் வச்சுக்கலாம் லா,” என்றாள் பிரேமலா. “முதல்ல அறுங்க.”

அடுத்த டயாலிசிஸுக்குள் மூங்கில் பழையபடி வளர்ந்து நின்றது. இன்றுவரை அப்படித்தான். ஒவ்வொரு டயாலிசிஸ் நாள் காலையிலும் இருவரும் வந்து, பரம்பரையை இழுத்துத் திட்டிக்கொண்டே அறுக்கிறார்கள். கட்சி மாறவில்லை, வசவும் குறையவில்லை. மூங்கில் குருத்தை மட்டும் ஜெகபர் சாதிக்கின் மனைவி காதர் பீவி தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைத்து இரண்டு வீட்டுக்கும் வைக்கிறாள்.

போன மாதம் தலைநகரில் கூட்டணி உடைந்தது. கேக் ஊட்டியவர்கள் ஒருவரையொருவர் துரோகி என்றார்கள். மறுநாள் டயாலிசிஸ். பிரேமலா விடியுமுன்னே பையோடு வாசலில் வந்து உட்கார்ந்து, எதிர்வீட்டுக் கதவையே பார்த்திருந்தாள்.

கதவு திறந்தது. ஜெகபர் சாதிக் கைலியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

“உன் தலைவன் ஒரு திருடன்,” என்றார்.

“உங்காளு மட்டும் யோக்கியனா, பாய்?” என்று கமலநாதன் வாளை நீட்டினான்.

பிரேமலா போய் காரில் ஏறிக்கொண்டாள்.